டாக்டர் வாபஸ் வாங்க வந்த கேள்வி

தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது இது. கொல்கத்தா அப்போது இன்னும் கல்கத்தாவாகத்தான் இருந்தது. நாங்கள் பவானிபூரில் ஒரு சந்துக்குள் குடியிருந்தோம். அப்பாவுக்கு மத்திய அரசு வேலை. மாற்றலாகி வந்தபோது "மூணே வருஷம், திரும்பிப் போயிரலாம்" என்று சொல்லித்தான் அம்மாவைக் கூட்டி வந்தாராம். நான் அங்கேயே பள்ளிக்கூடம் முடித்து, காலேஜ் முடித்து, கணிதத்தில் ஆராய்ச்சி மாணவியாகவும் ஆகிவிட்டேன். அம்மா மட்டும் அந்த மூன்று வருஷம் அடுத்த மாதம் முடியப்போகிறது என்பது போலவே, திருநெல்வேலித் தமிழில் அந்த ஊரின் தண்ணீரையும் கடுகு எண்ணெயையும் தினமும் திட்டிக்கொண்டிருந்தாள்.

கணிதத்தில் ஆராய்ச்சி என்றால் என்ன செய்வார்கள் என்று எங்கள் சந்தில் ஒருவருக்கும் தெரியாது. பெரிய பெரிய கூட்டல் போடுவாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள். மீன்காரர் என்னைக் கண்டால் போதும், முந்தின ஆளின் பில்லைச் சொல்லி மொத்தம் எவ்வளவு என்று கேட்பார். எனக்கோ கூட்டல் சுத்தமாக வராது. விரல் விட்டு எண்ணிக்கொண்டு நிற்பேன். இத்தனை வருஷமாகப் படித்தும் இந்தப் பெண்ணுக்கு இன்னும் பாஸ் ஆகவில்லை பாவம் என்று அவர் என் அம்மாவிடம் அனுதாபப்பட்டிருக்கிறார்.

அந்த வருஷம்தான் எனக்கு அந்த உதவித்தொகை கிடைத்தது. உலகம் முழுவதிலுமிருந்து கணிதக்காரர்கள் கூடுகிற பெரிய மாநாடு ஒன்று ஐரோப்பாவில் நடக்கவிருந்தது. எங்களைப் போன்ற நாடுகளில் இருக்கும் இளம் ஆராய்ச்சியாளர்கள் சொந்தக் காசில் அங்கே வந்து சேர முடியாது என்பது மாநாட்டுக்காரர்களுக்கும் தெரியும். அதனால் சிலரைத் தேர்ந்தெடுத்து விமான டிக்கெட், தங்க இடம், சாப்பாடு எல்லாம் அவர்களே தருவார்கள். பதிலுக்கு நாம் கண்டுபிடித்த ஒன்றைப் பற்றி அங்கே கால் மணி நேரம் பேச வேண்டும். என்னிடம் அப்போது அடுப்பிலிருந்து இறக்கின சூட்டோடு ஒரு தேற்றம் இருந்தது. அதன் சுருக்கத்தை அனுப்பினேன். வா என்று சொல்லிவிட்டார்கள்.

அப்பா வழி, அம்மா வழி இரண்டிலும் விமானத்தில் ஏறின ஆளே கிடையாது. அப்பா அந்தக் கடிதத்தை அலுவலகத்துக்கு எடுத்துக்கொண்டு போய் எல்லா மேஜையிலும் காட்டிவிட்டு வந்தார். அம்மா எஸ்.டி.டி. பூத்தில் நின்று பாளையங்கோட்டைச் சித்தியிலிருந்து தொடங்கி ஒருவர் விடாமல் கூப்பிட்டு, "எம் மவ வெள்ளக்காரனுக்குக் கணக்குச் சொல்லிக் குடுக்கப் போறா, கேட்டியா" என்று சொன்னாள். பூத்காரருக்கு அந்த மாதம் நல்ல வியாபாரம்.

சந்தில் விஷயம் பரவியதும் குல்லா வர ஆரம்பித்தது. கல்கத்தாக்காரர்களைப் பற்றி உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வெயில் கொஞ்சம் குறைந்தாலே தலையில் பனி இறங்கிவிடும் என்று பயப்படுகிறவர்கள் அவர்கள். காது, கழுத்து, மோவாய் எல்லாவற்றையும் மூடி முகத்தை மட்டும் விடுகிற கம்பளிக் குரங்குக் குல்லா ஒவ்வொரு வீட்டிலும் தலைக்கு ஒன்று இருக்கும். மாநாடு ஆகஸ்ட் மாதம், அங்கே அப்போது கோடைக்காலம் என்று நான் எவ்வளவோ சொன்னேன். வெள்ளைக்காரன் கோடை என்று சொன்னால் நம்புகிறாயா என்று மாடிவீட்டுக் காக்கிமா, அதாவது சித்தி, பச்சை நிறத்தில் ஒன்று பின்னிக் கொடுத்தாள். எதிர்வீட்டிலிருந்து மெரூன். கோடிவீட்டிலிருந்து மஞ்சளும் கறுப்பும் பட்டை பட்டையாக, வண்டு மாதிரி ஒன்று. வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்வார்கள். பெட்டியில் பாதி குல்லா, மீதிப் பாதி அம்மாவின் பருப்புப் பொடி என்று ஆகி, என் துணிக்கு இடம் இல்லாமல் போனது.

எங்கள் சந்து முனையில் ஒரு கிளப் இருந்தது. ஒரே அறை, ஒரு கேரம் போர்டு, ஒரு டீவி. துர்கா பூஜை நடத்துவதுதான் அதன் தலையாய வேலை. மிச்ச நாளெல்லாம் வாக்குவாதம். அங்கே ஒரு பழக்கம் உண்டு. சந்தில் யார் எதைச் சாதித்தாலும் நாற்காலியில் உட்கார வைத்து, ரஜனிகந்தா என்கிற சம்பங்கி மாலை போட்டுப் பாராட்டு விழா நடத்திவிடுவார்கள். பத்தாவது பாஸ் செய்ததற்கு நடந்திருக்கிறது. பித்தப்பைக் கல்லை எடுத்துவிட்டு நல்லபடியாக வீடு திரும்பினவருக்குக்கூட நடந்திருக்கிறது. என்னை விடுவார்களா? கிளப் செக்ரட்டரி வீட்டுக்கே வந்துவிட்டார். பெயருக்கு ஒரு அலுவலகத்தில் வேலை, உண்மையில் கிளப்தான் அவருக்கு வேலை. நாங்கள் செக்ரட்டரி தாதா என்று கூப்பிடுவோம்; தாதா என்றால் அங்கே அண்ணன். மாலை, சிங்காரா என்கிற சமோசா, சந்தேஷ் இனிப்பு எல்லாம் ஏற்பாடு ஆகிவிட்டதென்றும், அங்கே போய்ப் பேசப்போகிறதை முதலில் இங்கே சந்துக்காரர்களுக்குச் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும் என்றும் உத்தரவு போட்டார்.

"உங்களுக்குப் புரியாது தாதா" என்றேன். அது நான் செய்த முதல் தப்பு. ஒரு வங்காளியிடம் சொல்லக்கூடாத வார்த்தை அது.

விழா அன்று மழை விட்டிருந்தது. கிளப்பில் நிற்க இடமில்லை. அம்மா கல்யாணத்துக்குக் கட்டுகிற பட்டில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அப்பா அவளுக்குப் பக்கத்தில், என் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு. கிளப்பின் கரும்பலகையைத் துடைத்துக் கொடுத்தார்கள். வலதுபக்க மூலையில் தங்கள் டீம் என்றைக்கோ ஜெயித்த ஃபுட்பால் ஆட்டத்தின் ஸ்கோர் எழுதியிருந்தது. அதை மட்டும் அழிக்கக் கூடாது என்று இரண்டு பேர் காவலுக்கு நின்றார்கள்.

என் தேற்றத்தை அவர்களுக்குப் புரிகிற மாதிரி எப்படிச் சொல்வது என்று முந்தின நாளே யோசித்து வைத்திருந்தேன். பூஜை நாட்களில் ஊரெங்கும் தெருவுக்குத் தெரு துர்கா சிலை வைத்துப் பந்தல் போட்டிருப்பார்கள். கால் வீங்க வீங்க நடந்து அத்தனையையும் பார்ப்பதுதான் அந்த ஊர்க்காரர்களுக்குப் பிறவிப் பயன். அதையே எடுத்துக்கொண்டேன். ஒரு ஊரில் நிறையப் பந்தல்கள், அவற்றுக்கு நடுவே சந்துகள். வீட்டிலிருந்து கிளம்பி, எல்லாப் பந்தலையும் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை மட்டும் பார்த்துவிட்டு, கிளம்பின இடத்துக்கே திரும்பி வர முடியுமா? எல்லா ஊரிலும் முடியாது. ஆனால் சந்துகள் இன்ன விதமாக அமைந்திருந்தால் கட்டாயம் முடியும். இதுதான் என் தேற்றம்.

சபையில் ஒரு சலசலப்பு. இவ்வளவு உபயோகமான விஷயத்தையா இந்தப் பெண் இத்தனை வருஷம் மறைத்து வைத்திருந்தாள் என்று என்னைப் புது மரியாதையோடு பார்த்தார்கள். நான் உற்சாகமாகி நிரூபணத்துக்குள் போனேன். ஊரை இரண்டு பாதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இந்தப் பாதியில் ஒரு சுற்று. அந்தப் பாதியில் ஒரு சுற்று. இரண்டு பாதிக்கும் நடுவே இரண்டு சந்து இருக்கிறது. ஒன்றின் வழியாகப் போய், அந்தப் பக்கத்தை எல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டு, இன்னொன்றின் வழியாக இந்தப் பக்கம் வந்துவிடலாம். ஆக மொத்தம் ஒரே பெரிய சுற்று. பலகையில் இரண்டு வட்டம் போட்டு நடுவில் இரண்டு கோடு இழுத்தேன். அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் தலையாட்டிக்கொண்டே இருந்தாள்.

அப்போதுதான் இரண்டாவது வரிசையிலிருந்து டாக்டர் பாபு "கேனோ?" என்றார்.

கேனோ என்றால் வங்காளத்தில் "ஏன்?" டாக்டர் பாபு எங்கள் சந்தின் ஹோமியோபதி வைத்தியர்; சித்தப்பா என்கிற அர்த்தத்தில் நான் காக்கு என்று கூப்பிடுவேன். ஜலதோஷம் என்று போனால்கூட, கனவில் தண்ணீர் வருகிறதா, புளிப்பு பிடிக்குமா, சின்ன வயதில் யார்மேல் கோபம் என்று குடைந்து எடுத்துவிட்டு நாலு சர்க்கரை உருண்டை தருவார். மருந்து வேலை செய்ததோ இல்லையோ, அவர் கேட்ட கேள்விகளுக்குப் பதில் யோசிப்பதற்குள் பாதி வியாதி போய்விடும். சின்ன வயதிலிருந்தே என்னைக் கேள்வி கேட்டு அழவைத்தவர் அவர்.

எதற்கு ஏன் என்று கேட்டேன். அந்தப் பக்கம் போகிற சந்தும் திரும்பி வருகிற சந்தும் அங்கே ஒரே பந்தலில் போய் முட்டினால் என்ன செய்வாய் என்றார். அந்தப் பந்தல் வழியாகத்தானே உள்ளே போகிறாய், வெளியே வருவதற்கும் அதே பந்தலுக்குத்தான் வந்தாக வேண்டும், பார்த்ததையே இரண்டாம் தடவை பார்க்க வேண்டியிருக்குமே!

"போக் நல்லாயிருந்தா நான் ரெண்டு தடவையும் போவேன்" என்றார் பின்னாலிருந்து ஒருவர். அந்தப் பந்தல்களில் கொடுக்கிற பிரசாதக் கிச்சடிக்குப் போக் என்று பெயர். கிளப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

"அப்படி ஆகாது காக்கு. அது தெளிவா தெரியற விஷயம்" என்றேன்.

"யாருக்குத் தெளிவு, மா? எனக்கு இல்லையே. நீ எனக்குச் சொல்லு, கேனோ?"

திரும்பிப் பலகையைப் பார்த்தேன். சாக்பீஸை எடுத்துக்கொண்டு வாயைத் திறந்தேன். வாய் திறந்தபடியே நின்றுவிட்டேன். என் ஆராய்ச்சிக் கட்டுரையில் அந்த இடத்தில் "இது தெளிவு" என்று ஒரு வரி எழுதியிருந்தேன். எழுதும்போது தெளிவாகத்தான் இருந்தது. என் கைடு படித்தார், அவருக்கும் தெளிவாக இருந்தது. மாநாட்டுக்காரர்களும் சுருக்கத்தைப் படித்திருப்பார்கள். கணிதம் படித்தவர்களுக்கே உரிய வியாதி இது. தெளிவு என்று ஒருத்தர் எழுதிவிட்டால், எனக்குத் தெளிவாக இல்லையே என்று சொல்ல அடுத்தவருக்குக் கூச்சம். டாக்டர் பாபுவுக்கு அந்தக் கூச்சம் கிடையாது. அவர் பால்காரனிடமே ஏன் பால் வெள்ளையாக இருக்கிறது என்று கேட்கிறவர்.

எப்படியோ சமாளித்து, இதை அப்புறம் சொல்கிறேன் என்று முடித்தேன். மாலை போட்டார்கள். கைதட்டினார்கள். கையில் கொடுத்த சந்தேஷை அம்மாவிடம் நீட்டிவிட்டேன்.

மறுநாள் முழுவதும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். அந்த ஓட்டையை அடைக்கப் பார்த்தேன். ஒரு பக்கம் இழுத்துப் போர்த்தினால் மறுபக்கம் கால் தெரிந்தது. சாயங்காலம் சின்னதாக ஒரு படம் போட்டேன். கொஞ்சம் பந்தல்கள், கொஞ்சம் சந்துகள். என் தேற்றம் கேட்கிற நிபந்தனை எல்லாம் அதற்குப் பொருந்தியது. ஆனால் எப்படிச் சுற்றினாலும் ஒரு பந்தலை இரண்டு முறை மிதித்தால்தான் வீடு திரும்ப முடிந்தது. அதாவது நிரூபணத்தில் மட்டும் ஓட்டை இல்லை, தேற்றமே தப்பு. அந்தத் தேற்றத்தைச் சொல்லத்தான் டிக்கெட் கொடுத்திருந்தார்கள்.

கைடைக் கேட்கலாம் என்றால் அவர் குடும்பத்தோடு ஜெகந்நாதர் கோயில் இருக்கிற பூரிக்குப் போயிருந்தார். கல்கத்தாக்காரர் பூரிக்குப் போய்விட்டால் அவரைக் கடவுளாலும் பிடிக்க முடியாது. அம்மாவிடம் சொன்னேன். தப்பு என்கிற வார்த்தை மட்டும் அவளுக்குப் புரிந்தது.

"ஏட்டி, அங்க அதை எவன் உத்துப் பாக்கப் போறான்? கால் மணி நேரம்தானே? கடகடன்னு சொல்லிட்டு இறங்கிரு. அந்தச் சவத்தை வந்து திருத்திக்கிடலாம்" என்றாள்.

உண்மையைச் சொன்னால் நானும் அதைத்தான் நினைத்தேன். பயணத்துக்கு எல்லாம் தயார். அம்மா ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாள். அப்பா அந்தக் கடிதத்தை லேமினேட் செய்யக் கொடுத்திருந்தார். இந்த வாய்ப்பு போனால் விமானத்தை நான் டம்டம் விமான நிலையம் பக்கம் போகிறபோது அண்ணாந்து பார்க்க வேண்டியதுதான். ஆனால் கண்ணை மூடினால் ஒரு பெரிய ஹால் தெரிந்தது. நான் மேடையில் இரண்டு வட்டம் போட்டு நடுவே இரண்டு கோடு இழுக்கிறேன். ஹால் முழுக்க உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோருக்கும் டாக்டர் பாபுவின் முகம். எல்லோரும் சேர்ந்து "கேனோ?" என்கிறார்கள். நேர்மை கீர்மை என்றெல்லாம் நினைத்துவிடாதீர்கள், பயம்தான் காரணம். மேடையில் வாயைத் திறந்துகொண்டு நிற்பது என்னவென்று எனக்கு அப்போதுதான் தெரிந்திருந்தது.

அடுத்த நாள் நல்ல மழை. முழங்கால் தண்ணீரில் மெட்ரோவுக்கு நடந்து, நாங்கள் ஆராய்ச்சி செய்த இடத்துக்குப் போனேன். அங்கே ஒரே ஒரு கம்ப்யூட்டரில்தான் ஈமெயில் உண்டு. அது இருந்த அறைக்குள் கோயில் மாதிரிச் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். நனைந்த புடவையோடு, வெறுங்காலில் நடுங்கிக்கொண்டே மாநாட்டுக்காரர்களுக்கு எழுதினேன். நான் அனுப்பிய தேற்றம் தப்பு, இதோ அது பொய்க்கிற உதாரணம், ஆகையால் உங்கள் உதவித்தொகையை நான் பெற்றுக்கொள்வது முறையல்ல, வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள். அனுப்பு பொத்தானை அழுத்தினதும் அழுகை வந்துவிட்டது. அறைக் காப்பாளர், தரை ஈரமாகிறது என்று என்னைச் சத்தம் போட்டார்.

பதில் வர ஒரு வாரம் ஆனது. அந்த ஒரு வாரத்தில் எங்கள் சந்தில் நடந்ததுதான் இந்தக் கதை.

அம்மா மாடிவீட்டுக் காக்கிமாவிடம் சொல்லி அழுதிருக்கிறாள். அம்மாவின் வங்காளம் ஒரு தினுசு. கேட்கிறவர்கள் தங்கள் இஷ்டப்படி புரிந்துகொள்ளலாம். சந்து முழுவதும் புரிந்துகொண்டது இதுதான்: மதராஸிப் பெண்ணின் கணக்கு நன்றாகத்தான் இருந்தது, டாக்டர் பாபு கேள்வி கேட்டதால் கெட்டுப்போய்விட்டது. அவ்வளவுதான், அந்த மனிதரை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டார்கள். டீக்கடையில் அவர் உட்கார்ந்தால் மற்றவர்கள் எழுந்து போனார்கள். மீன்காரர் அவருக்கு வால்துண்டைக் கொடுத்தார். கேரம் ஆட யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை. சொந்த மனைவியே, ஒரு பெண்குழந்தையின் விமானத்தைக் கேள்வி கேட்டு இறக்கிவிட்டீர்களே என்று சொல்லி அவருக்கு டீயில் சர்க்கரையை நிறுத்திவிட்டாராம். அவர் அதற்கு ஏன் என்று கேட்டிருக்கிறார். டீயும் நின்றுவிட்டது.

செக்ரட்டரி தாதா வேறு ஒரு வேலை செய்தார். கிளப் செயற்குழுவின் அவசரக் கூட்டத்தைக் கூட்டினார். என்னுடைய தேற்றம் சரியானதே என்று தீர்மானம் கொண்டுவந்தார். அதன்மேல் முறைப்படி விவாதம் நடந்தது. ஒருவர் முன்மொழிய, ஒருவர் வழிமொழிய, ஓட்டெடுப்பில் ஏகமனதாக நிறைவேறியது. டாக்டர் பாபுவும் கையைத் தூக்கியிருக்கிறார். அதைத் தட்டச்சு அடித்து, கிளப்பின் ரப்பர் ஸ்டாம்ப் குத்தி, என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார் செக்ரட்டரி தாதா. இதை மாநாட்டுக்காரர்களுக்கு அனுப்பிவிடு, மெஜாரிட்டி நம் பக்கம் இருக்கிறது என்றார்.

"தாதா, கணிதத்துல ஓட்டுப் போட்டெல்லாம் எதையும் சரியாக்க முடியாது" என்றேன்.

அவருக்கு உண்மையாகவே அதிர்ச்சி. "ச்சி ச்சி! ஜனநாயகமே இல்லையா உங்க சப்ஜெக்ட்ல?" என்று கேட்டுவிட்டு வருத்தத்தோடு போனார்.

அன்றைக்கே சாயங்காலம் டாக்டர் பாபு வந்தார். கையில் இனிப்புப் பெட்டி. இஸ்திரி போட்ட பஞ்சாபி ஜிப்பா, வேட்டி. துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். அம்மா முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனாலும் காப்பி கொண்டுவந்து வைத்தாள், தம்ளரைக் கொஞ்சம் ஓசையோடு. அவர் காப்பியைத் தொடவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னார்.

"மா, யோசிச்சுப் பார்த்தேன். எனக்குக் கணக்கு ஒண்ணும் தெரியாது. ஸ்கூல்ல மூணு தடவை ஃபெயில். பழக்கதோஷத்துல கேட்டுட்டேன். அந்தக் கேள்வியை நான் வாபஸ் வாங்கிக்கறேன். கேட்காத மாதிரியே வெச்சுக்கோ. நீ மாநாட்டுக்குப் போயிட்டு வா."

எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அவர் கேள்வியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டால் என் தேற்றம் பழையபடி எழுந்து உட்கார்ந்துவிடும் என்று அந்த மனிதர் மனதார நம்பிக்கொண்டு வந்திருந்தார். சிரிக்க வாயெடுத்தவள் அவர் கண்ணைப் பார்த்துவிட்டேன். கலங்கியிருந்தது. வாழ்க்கையிலேயே அவர் திரும்பப் பெற நினைத்த ஒரே கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

"காக்கு, நீங்க மட்டும் அதைக் கேட்கலேன்னா, அங்க போய் ஊர் பார்க்க அவமானப்பட்டிருப்பேன்" என்றேன். அவர் நம்பவில்லை. பிறகு அந்தச் சின்னப் படத்தைக் காட்டி, அவரையே பென்சிலால் சுற்றிப் பார்க்கச் சொன்னேன். இப்படிப் போனார், அப்படிப் போனார். ரப்பரால் அழித்தார். அம்மா சும்மா இருப்பாளா? "அந்த இடத்துல இடது பக்கம் திரும்பச் சொல்லுட்டி" என்று பின்னால் நின்று வழிசொன்னாள். அப்பாவும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். மூன்று பேருமாகத் தலையை முட்டிக்கொண்டு தேடினார்கள். வழி இல்லை. கடைசியில் டாக்டர் பாபு பென்சிலைக் கீழே வைத்துவிட்டு ஆறிப்போன காப்பியைக் குடித்தார்.

"சரிதான், முடியாது. ஆனா கேனோ?" என்றார்.

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். எனக்கோ அந்தக் கேள்விக்கு இந்தத் தடவை பதில் தெரிந்திருந்தது. சொல்ல ஆரம்பித்தேன். சொல்லச் சொல்ல, எந்த மாதிரி ஊர்களில் அந்தச் சுற்று முடியும், எதில் முடியாது என்று பிரித்துப் பார்க்க ஒரு வழி இருப்பது எனக்கே தட்டுப்பட்டது. அவர் ஒவ்வொரு அடிக்கும் ஏன் என்றார். நான் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். பதில் வராத இடத்தில் வெட்கப்படாமல், தெரியவில்லை காக்கு, யோசிக்கிறேன் என்றேன்.

அந்த வாரக் கடைசியில் பதில் வந்தது. செருப்பைக் கழற்றக்கூட மறந்து உள்ளே ஓடி, காப்பாளரிடம் திட்டு வாங்கிக்கொண்டேதான் படித்தேன். சின்ன மடல். உதவித்தொகை கொடுத்தது உங்களுக்கு, உங்கள் தேற்றத்துக்கு அல்ல. அவசியம் வாருங்கள். தலைப்பை மட்டும் மாற்றி அனுப்புங்கள்.

அந்த முதல் வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அதுவரை எனக்கு, நான் வேறு என் தேற்றம் வேறு என்று தோன்றியதே இல்லை.

போய்ச் சேர்ந்தேன். விமானம் மேலே எழும்பினபோது முன் ஸீட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்ததை எல்லாம் சொல்லி உங்கள் பொறுமையைச் சோதிக்க மாட்டேன். ஆனால் இதைச் சொல்லியாக வேண்டும். அந்த ஆகஸ்டில் அங்கே கோடைக்காலமே வரவில்லை. ஓயாத மழை, எலும்பைக் குடைகிற குளிர். உதவித்தொகையில் வந்த எங்களை எல்லாம் ஒரு மாணவர் விடுதியில் தங்க வைத்திருந்தார்கள். எல்லோரும் வெயில் நாட்டுப் பிள்ளைகள். ஆளுக்கு ஒரு மெல்லிய சட்டையோடு பல் தந்தியடிக்க உட்கார்ந்திருந்தார்கள். நான் என் பெட்டியைத் திறந்தேன். எத்தியோப்பியாவிலிருந்து வந்தவர் பச்சையை எடுத்துக்கொண்டார். பெரு நாட்டுப் பெண்ணுக்கு மெரூன் பிடித்துவிட்டது. வண்டுக் குல்லா வியட்நாமுக்குப் போனது. மாடிவீட்டுக் காக்கிமாவைக் கோயில் கட்டிக் கும்பிடலாம் என்று தோன்றியது. எல்லோரும் குரங்குக் குல்லாவோடு நிற்கிற போட்டோ ஒன்று எடுத்துக்கொண்டோம்.

என் பேச்சுக்கு வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். என் பழைய தேற்றத்தைச் சொல்லி, இது தப்பு என்று அந்தச் சின்னப் படத்தைக் காட்டினேன். பிறகு எது சரி என்று சொன்னேன். இதை எப்படிக் கண்டுபிடித்தாய் என்று ஒருவர் கேட்டார். எங்கள் தெரு ஹோமியோபதி டாக்டர் ஏன் என்று கேட்டார் என்றேன். சிரித்தார்கள். பேசி முடித்ததும் அந்த டாக்டரைத் தங்கள் துறைக்குக் கொஞ்ச நாள் அனுப்ப முடியுமா என்று ஒரு பெரியவர் விசாரித்துவிட்டுப் போனார்.

கட்டுரை அச்சானபோது அதன் கடைசியில் டாக்டர் பாபுவுக்கு ஒரு வரி நன்றி எழுதினேன். அந்தப் பக்கத்தைச் சட்டம் போட்டுத் தன் வைத்தியசாலையில் மாட்டிக்கொண்டார். இது என்ன வியாதிக்கு என்று நோயாளிகள் கேட்பார்களாம். மீன்காரர் அவருக்கு மறுபடியும் நடுத்துண்டு கொடுக்க ஆரம்பித்தார். குல்லா போட்டோ கிளப் சுவரில் ஏறியது. அது என் பச்சை, அது என் மெரூன் என்று ஆளாளுக்கு வந்து அடையாளம் காட்டினார்கள். அதன் பக்கத்திலேயே அந்தத் தீர்மானமும், ரப்பர் ஸ்டாம்போடு. அதை எடுத்துவிடுங்கள், தப்பான தேற்றம் தாதா என்று எத்தனையோ தடவை கெஞ்சினேன். நிறைவேறின தீர்மானத்தை ரத்து செய்யக் கோரம், அதாவது போதுமான உறுப்பினர்கள், வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

இப்போது நானும் மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிறேன். பலகையில் "தெளிவு" என்று எழுதப் போகும்போதெல்லாம் கை நின்றுவிடும். இரண்டாவது வரிசையை ஒரு பார்வை பார்த்துக்கொள்வேன். அந்த நாற்காலி நுனியில் உட்கார்ந்து, எனக்காகத் தன் கேள்வியைத் திரும்ப எடுத்துக்கொள்ள வந்தவரையும், தப்பான தேற்றத்துக்கு எனக்காக மொத்தமாகக் கை தூக்கிய அந்தச் சந்துக்காரர்களையும் நினைத்தால் இன்றும் சிரிப்புதான் வருகிறது. சிரித்து முடித்த பிறகு பார்த்தால், கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பேன்.